பவளி மூச்சைத் துப்பிய பகல்

அந்தக் காலத்தில் மண்ணில் ஊர்கிறவற்றுக்கும் மரத்தில் தாவுகிறவற்றுக்கும், பாசிக்கும்கூட, பேச்சு இருந்தது. விடிந்தால் மலை முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். யார் எங்கே இருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை, யாருக்குக் குட்டி பிறந்திருக்கிறது என்பதெல்லாம் எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

அப்படி ஒரு மலைச்சரிவில் ஓர் ஓடை ஓடியது. மேகம் வந்து தங்கிப் போகிற இடம் அது. ஓடைக்கு மேலே, என்றோ காற்றில் சாய்ந்த பெரிய மரம் ஒன்று கிடந்தது. பட்டை உளுத்துப்போய், மேலெல்லாம் பாசி படர்ந்து, எந்த மாதத்திலும் அதன் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். அந்த மரத்தடியில் பவளி குடியிருந்தாள்.

பவளி ஓர் ஈரப்பல்லி. விரல் நீளம்தான் இருப்பாள். உருவத்தில் பல்லி மாதிரி. ஆனால் பல்லிக்கு இருக்கிற செதில் அவளுக்குக் கிடையாது. எப்போதும் நனைந்தே இருக்கிற மெல்லிய தோல். கழுத்திலிருந்து வால் நுனி வரை பவள நிறத்தில் ஒரு கோடு. அன்றைக்கு ஈரப்பல்லிகளுக்கும் எல்லாரையும் போல நெஞ்சுக்குள் மூச்சு இருந்தது. நல்ல மூச்சு. பவளி ஓடைக்கரைப் பாறையில் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தால், எதிர்ச் சரிவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு மினுக்கி என்று ஒரு தோழி. மினுக்கி அரணை. வெயில் பட்டால் எண்ணெய் தேய்த்தது போலப் பளபளப்பாள். இருவரும் காலையில் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வெயில் காய்வார்கள். மினுக்கிக்கு எதுவும் மனதில் நிற்காது. கதை சொல்ல ஆரம்பிப்பாள், பாதியில் நிறுத்தி, "நான் என்ன சொல்லிட்டு இருந்தேன், அக்கா?" என்பாள். பவளி எடுத்துக் கொடுப்பாள். அப்படியே பகல் போய்விடும்.

அந்த வருடம் பவளி முதன்முதலாக முட்டை வைத்தாள். மரத்தின் அடிப்பட்டையில் ஒட்டி, சின்னத் திராட்சைக் கொத்து போல அவை தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. அவள் புருஷன் அதற்கு முன்பே மேட்டுக்குப் போய்விட்டான். அந்த இனத்தில் அதுதான் வழக்கம், அவள் அதை நினைத்து வருந்தவில்லை. கொத்தைச் சுற்றி உடம்பை வளைத்து, தோலின் ஈரத்தால் அவற்றை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரம் விட்டால் காய்ந்துவிடும். அதனால் அவள் பாறைக்குப் போவது நின்றது. மினுக்கிதான் மரத்துக்கு வந்து, பட்டை இடுக்கில் தலையை நுழைத்துப் பேசிவிட்டுப் போவாள்.

அப்போதுதான் அவன் வந்தான்.

கீழே சமவெளியில் மழை பொய்த்துவிட்டது என்றும், அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் மலையேறி வந்தவன் என்றும் சொன்னார்கள். பாம்பு என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடுவான் என்று பயம். 'நீளப்பூச்சி' என்றார்கள். அவன் கண் அவ்வளவு தெளிவில்லை. காது இல்லவே இல்லை. ஆனால் தாடையைத் தரையில் பதித்து அசையாமல் கிடப்பான். மண் வழியாக, வேர் வழியாக, கல் வழியாக மற்றவர்களின் மூச்சு அவனுக்கு வந்து சேரும். எந்தப் பொந்தில் எத்தனை பேர், யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்பது வரை அவனுக்குத் தெரியும். அவன் மூச்சோ யாருக்கும் கேட்காது. அவன் போகும்போது இலைகூடச் சத்தம் போடாது.

முதலில் பாறை முயல்களின் வளை காலியானது. பிறகு மூங்கில் எலிகள். காலையில் கேட்ட குரல் மதியம் கேட்காது. யாரும் கத்தியதாகவும் தெரியாது. பறவைகள் மேல்கிளைக்கு ஏறிக்கொண்டன. தவளைகள் ஆழமான மடுவுக்குப் போய்விட்டன. பேசினால் மூச்சு வெளியே போகும் என்று மற்றவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். பிறகு நிறுத்தியே விட்டார்கள். ஓடைச் சத்தத்தைத் தவிர அந்தச் சரிவில் எதுவும் கேட்கவில்லை.

மரத்தின் மறுமுனையில் தும்பன் என்ற மூஞ்சூறு, மனைவி சிட்டியோடும் பிள்ளைகளோடும் இருந்தான். ஒரு மத்தியானம் அவன் பவளியிடம் வந்தான். மூஞ்சூறுகளுக்கு மூச்சு வேகம். அடக்க முயன்று அவன் விலா துடித்துக்கொண்டிருந்தது.

"மதினி, நாங்க கிளம்புறோம்" என்றான், உதடு மட்டும் அசைய. "உச்சிப் பாறைக்குப் போயிடலாம்னு சிட்டி சொல்றா. அங்கே குளிர். அவன் ஏற மாட்டானாம். நீங்களும் வாங்க."

பவளி தலைக்கு மேலே தொங்கிய கொத்தைப் பார்த்தாள். தும்பனும் பார்த்தான்.

"பிய்ச்சு எடுத்துட்டு வர முடியாதா?"

"பிய்ச்சா செத்துரும், தம்பி."

"இன்னும் எத்தனை நாள்?"

"உள்ளே அசையுதுங்க. கொஞ்ச நாள்தான்."

தும்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே சிட்டி கால் நகத்தால் கட்டையைச் சுரண்டினாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

பவளி தாடையைத் தரையில் வைத்துக் கேட்டாள். அந்த நீளப்பூச்சி கேட்பது போலவே. தும்பன், சிட்டி, பிள்ளைகள், எல்லாருடைய மூச்சும் சரிவில் மேலே ஏறிப் போவது லேசாகத் தெரிந்தது. படபடவென்று, ஒன்றோடொன்று கலந்து. புல்லைத் தாண்டினார்கள். வேர்முடிச்சைத் தாண்டினார்கள். அதற்கு மேல் போனபோது அந்தப் படபடப்பில் ஒன்று குறைந்தது. அவள் தனக்குத் தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தாள். இன்னொன்று குறைந்தது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது.

அவள் முட்டைகளை இறுக்கிக்கொண்டு கிடந்தாள். மூச்சு விடுவதற்கே பயமாக இருந்தது.

மறுநாள் மினுக்கி இடுக்கில் தலையை நுழைத்தாள். பவளி பதறிப்போனாள்.

"நீ இங்கே வராதே, மினுக்கி. வந்தாலும் கூப்பிடாதே. பேர் சொல்லாதே. உன் மூச்சுக்கு அவன் வந்தா உன்னையும் எடுப்பான், என் பிள்ளைகளையும் எடுப்பான்."

"அய்யோ, வர மாட்டேன் அக்கா. சத்தியமா வர மாட்டேன்."

"மறந்துராதே."

"இதைப் போய் யாராவது மறப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு மினுக்கி போனாள். அவள் வால் இடுக்கிலிருந்து மறைகிற வரை பவளி பார்த்துக்கொண்டிருந்தாள். மினுக்கி மறந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பவளி மூச்சை அடக்கிப் பழகினாள். முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். அடக்கும்போது நெஞ்சு தீயாக எரியும், கண்ணுக்குள் கறுப்பாகச் சுழலும். கடைசியில் வாய் தானாகத் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் அவளுக்கே இடி போலக் கேட்கும்.

ஒரு நாள் சாயங்காலம், மேகம் இறங்கி மரங்கள் மங்கலாகிக்கொண்டிருந்த நேரம், தலைக்கு மேலே கட்டை லேசாக அழுந்தியது. எதுவோ நீளமாக அதன்மேல் ஊர்ந்தது. முடிவில்லாமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. பவளி மூச்சை நிறுத்தினாள்.

அவனும் நின்றான்.

"இங்கே யாரோ இருக்கீங்க" என்றான். குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. "இப்பக்கூடக் கேட்டுச்சு. நான் வந்ததும் நின்னு போச்சு."

பவளி அசையவில்லை.

"பரவாயில்லை. எனக்கு அவசரம் இல்லை. இதுவரைக்கும் மூச்சு விடாம யாரும் இருந்தது கிடையாது." அவன் கட்டையின் முனையில் சுருண்டு, தாடையை மரத்தில் வைத்துக்கொண்டான்.

நெஞ்சு எரிய ஆரம்பித்தது. அவள் மனதுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எரிச்சல் தொண்டைக்கு வந்தது. கண்ணுக்குள் கறுப்பு சுழன்றது. இனி முடியாது, வாய் திறக்கப் போகிறது என்ற நேரத்தில் தூறல் போட்டது. தண்ணீர் பட்டை வழியாகக் கசிந்து, சொட்டுச் சொட்டாக அவள் முதுகில் விழுந்தது. விலாவில் ஓடியது. அடிவயிறு வரை நனைந்தது.

எரிச்சல் தணிந்தது.

அவளுக்குப் புரியவில்லை. வாய் மூடியேதான் இருந்தது. நெஞ்சு அசையவில்லை. ஆனாலும் கண்ணுக்குள் கறுப்பு விலகியது. முதுகில் தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் குளுகுளுவென்று ஏதோ உள்ளே இறங்கியது.

மழை வலுத்தது. அவன் வெகுநேரம் இருந்தான். கடைசியில், "ஆள் இல்லை போல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினான். அவன் எடை கட்டையைவிட்டு நீங்கிய பிறகும் பவளி அசையவில்லை. நெடுநேரம் கழித்து வாயைத் திறந்து காற்றை வாங்கினாள். அந்தக் காற்று உள்ளே போகும்போது உறுத்தியது.

விடிந்ததும், ஓடை இரைச்சலாக இருக்கும் நேரம் பார்த்து, கட்டையில் படர்ந்திருந்த பாசியிடம் கேட்டாள். "பாசியக்கா, நீங்க எப்படி மூச்சு விடுறீங்க?"

"எனக்கு நெஞ்சே இல்லையே" என்றது பாசி. "மேலெல்லாம்தான் மூச்சு. நேத்து நீயும் அப்படித்தான் இருந்தே. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ பிள்ளைங்க வர்ற வரைக்கும் அப்படியே இருந்துரட்டுமா?"

"முடியாது, பவளி. நெஞ்சில பை இருக்கிற வரைக்கும் அது காத்து கேட்கும். எவ்வளவு நேரம் இல்லைன்னு சொல்லுவே? ஒரு நேரம் கொடுத்துருவே."

பவளி கொத்தை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "பையே இல்லைன்னா?" என்று கேட்டாள்.

 ஒரு சொட்டு நீர் பாசியின் நுனியில் திரண்டு விழுந்தது.

"வெயில் போயிரும். பாறையில படுக்கிறதெல்லாம் அத்தோட சரி. தோல் காஞ்சா மூச்சு நின்னுரும். நான் காஞ்சா சுருண்டு கிடப்பேன், மழை வந்தா எழுந்துருவேன். நீ எழுந்திருக்க மாட்டே. குரலும் போயிரும். உன் முட்டையில இனிமே பொரியுறதுக்கும் அப்படித்தான், அதுங்க பிள்ளைகளுக்கும் அப்படித்தான். போனது திரும்ப வராது. நல்லா யோசிச்சுக்க."

பவளி யோசித்தாள். பிள்ளைகள் பிறந்ததும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாருக்கு என்ன பேர் என்பதைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பாறையில் அவளும் மினுக்கியும் படுத்துக் காய்ந்த அந்த வெயிலும் நினைவுக்கு வந்தது. "பார்க்கலாம் அக்கா" என்றாள். அவன் ஒருமுறை தேடிவிட்டுப் போனவன், திரும்ப வராமலும் போகலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மேகமும் தூறலுமாகச் சில நாட்கள் போயின. முட்டைக்குள் இருந்த புள்ளிகள் வளர்ந்து, கண்ணும் காலும் வாலுமாகத் தெரிந்தன. பவளி தொட்டால் உள்ளே நெளிந்தன.

பிறகு ஒரு நாள் மேகம் கலைந்தது. பளீரென்று வெயில் அடித்தது. பட்டை இடுக்கு வழியாக ஒரு கீற்று உள்ளே விழுந்தது. பவளி அதைப் பார்த்து மகிழ்வதற்குள் கட்டைமேல் காலடி கேட்டது. படபடவென்று ஓடிவருகிற, அவளுக்கு நன்றாகத் தெரிந்த காலடி.

"பவளிக்கா!" மினுக்கி வாய் நிறையக் கூப்பிட்டாள். "வெயில் வந்திருச்சு அக்கா! எத்தனை நாளாச்சு! எழுந்து வா, பாறை சுட்டுக் கிடக்கு!"

பவளி இடுக்குப் பக்கம் திரும்பினாள். பட்டையைத் தலையால் முட்டினாள். போ, போ என்று முட்டினாள்.

"உள்ளேதான் இருக்கியா? ஏன் பேச மாட்டேங்கிறே? என்மேல கோபமா? நான் என்ன செஞ்சேன், எனக்கு ஞாபகம் இல்லையே..."

பவளி தாடையைத் தரையில் வைத்தாள். ஓடைக்கு இந்தப் பக்கத்துப் புதரிலிருந்து கனமாக ஏதோ ஒழுகி வருவது தெரிந்தது. அவசரமில்லாமல் வந்தது. கட்டையின் மறுமுனையில், தும்பன் வீடு இருந்த இடத்தில், அது ஏறியது. மினுக்கி வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

இங்கிருந்தே "ஓடு" என்று கத்தலாம். கத்தினால் மினுக்கி பிழைப்பாள். அவன் கட்டையைப் புரட்டுவான். கத்தாமல் இருந்தால் முதலில் மினுக்கி, அவளை விழுங்கிய பிறகு அவன் இங்கேயே வெயிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். மழை இல்லை. எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

பவளி கொத்திலிருந்து உடம்பை உருவினாள். ஈரம் வழிய, அவை தனியாகத் தொங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடுக்கு வழியாக வெளியே பாய்ந்து, ஈர இலைகள்மேல் ஓடி, ஓடைக்கரைப் பாறையில் ஏறினாள். நெஞ்சு நிறையக் காற்றை வாங்கினாள்.

"மினுக்கி, ஓடு! ஏய் நீளப்பூச்சி! அன்னைக்கு மழையில உன்னை ஏமாத்தினவ நான்தான்! இங்கே இருக்கேன்!"

எதிர்ச் சரிவிலும் அது கேட்டது. மினுக்கி திரும்பினாள், தன் பின்னால் வாய் பிளந்து நின்ற தலையைப் பார்த்தாள், கட்டையிலிருந்து குதித்துக் கல்லிடுக்கில் மறைந்தாள். அவன் அவளைத் தொடரவில்லை. தலையைப் பாறைப் பக்கம் மெதுவாகத் திருப்பினான்.

"நீ இருந்தே. நான்தான் சரியாக் கேட்கலை" என்றான்.

அடுத்த நொடி அவன் பாறைமேல் இருந்தான். அவ்வளவு வேகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பாறையின் விளிம்பில் ஒரு வெடிப்பு இருந்தது. மேலே அகலம், போகப்போகக் குறுகி, அடியில் ஓடை அருவியாக விழுகிற சாரலில் போய்த் திறக்கும். அவள் அதற்குள் விழுந்து ஓடினாள். அவன் தலை பின்னால் நுழைந்தது. வெளிச்சம் போய்விட்டது.

அடி வரைக்கும் போய் வெளியேறலாம்தான். ஆனால் வெளியேறி எங்கே போவாள்? கல்லுக்கு அடியில் ஒளிந்தாலும், தண்ணீரோரம் பதுங்கினாலும், மரத்தடிக்குத் திரும்பினாலும், நெஞ்சு அசைகிற வரையில் அவன் பின்னாலேயே வருவான். அப்படியே வந்து முட்டைகளையும் கண்டுபிடிப்பான்.

வெடிப்பின் சுவரில் அருவிச்சாரல் வழிந்துகொண்டிருந்தது. பவளி விலாவை அதில் ஒட்டிக்கொண்டாள். நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் வெளியே விட்டாள். விட்டு முடித்த பிறகும் நிறுத்தவில்லை. வாந்தி எடுப்பது போல உடம்பை முறுக்கி, இன்னும் இன்னும் என்று உந்தினாள். ஏதோ உள்ளே கழன்றது. தொண்டையை அடைத்துக்கொண்டு மேலே வந்தது. அவள் துப்பினாள்.

பூமொட்டு போல இளஞ்சிவப்பாக இரண்டு சின்னப் பைகள் கல்மேல் விழுந்தன. விழுந்த பிறகும் அவை உப்பின, சுருங்கின, உப்பின, சுருங்கின.

பவளி சத்தமில்லாமல் வெடிப்பின் அடிவாய் வழியாகச் சாரலுக்குள் நழுவினாள்.

அவன் தாடையைக் கல்லில் வைத்தான். மூச்சு அங்கேயேதான் இருந்தது. ஓடவில்லை, அடங்கவும் இல்லை. அவன் கழுத்தை நீட்டி அதை அப்படியே விழுங்கினான்.

விழுங்கியதும் அவன் உடம்பு விறைத்தது. பைகள் உள்ளே போயும் நிற்கவில்லை. உப்பின. ஒன்று நசுங்கிப்போனது, மற்றது அவன் நீளத்துக்கும் நீண்டு ஊதியது. காற்று வாய் வழியாகப் பீறிட்டது. "ஸ்ஸ்ஸ்ஸ்!" அவன் பயந்து பின்வாங்கினான். வாயை மூடினான். மூடிய வாய்க்குள்ளிருந்தும் அது வந்தது. அவன் பேச முயன்றான், ஒரு சொல்லும் வரவில்லை, அந்தச் சீறல்தான் வந்தது. சரிவில் ஒளிந்திருந்தவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். அவன் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போகிறான் என்று முதல் தடவையாக அவர்களுக்குத் தெரிந்தது. அவன் புதருக்குப் போனான், புதரிலிருந்தவர்கள் முன்பே ஓடிவிட்டார்கள். மூங்கில் பக்கம் போனான், அங்கேயும் ஆளில்லை. சீறிக்கொண்டே கீழே கீழே இறங்கிப் போனான்.

பவளி இதைக் கேட்டாள். ஆனால் அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை.

சாரலுக்கும் மரத்துக்கும் நடுவில் அந்தப் பாறை வெயிலில் கொதித்துக் கிடந்தது. வரும்போது ஒரே ஓட்டத்தில் கடந்த தூரம். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். தோல் இழுத்துப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் போனாள். முதுகு சுருங்கியது, உள்ளே எங்கும் காற்று இல்லை, வாயைத் திறந்தாள், திறந்த வாயால் எந்தப் பயனும் இல்லை. கண்ணுக்குள் பழைய கறுப்பு சுழன்றது. தட்டுத் தடுமாறிச் சாரலுக்கே திரும்பி விழுந்தாள்.

அங்கிருந்து மரம் தெரிந்தது. அதன் அடியில் அவள் விட்டுவந்த இடுக்கு தெரிந்தது. வெயில் கீற்று இப்போது எந்த இடத்தில் விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அவள் துடித்தாள்.

நேர்வழி இல்லை. ஓடை விளிம்பில் நனைந்த கற்களுக்கு அடியில் நுழைந்தாள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல். கல் இல்லாத இடத்தில் மக்கிய இலைக்கு அடியில். இலை காய்ந்த இடத்தில் வேர் ஓரத்துச் சேற்றில். பாசி படர்ந்த பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனாள். நிழல் நீண்ட பிறகுதான் மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள்.

கொத்தின் ஓரத்தில் இருந்தவை சுருங்கி, மங்கிப்போயிருந்தன. அவள் தொட்டாள். அவை நெளியவில்லை. நடுவில் இருந்தவற்றைத் தொட்டாள். ஒன்று நெளிந்தது. அவள் அவற்றைச் சுற்றிக்கொண்டாள், ஓடையிலிருந்து தோலில் சுமந்துவந்த ஈரமெல்லாம் அவற்றின்மேல் ஒழுகியது. அழ வேண்டும் போல இருந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சில நாட்களில் மிச்சமிருந்தவை பொரிந்தன. வாலும் காலுமாக, அவளைப் போலவே, நகத்தளவில். அவற்றின் நெஞ்சு அசையவில்லை. அப்படி ஒன்று அசைய வேண்டும் என்பதே அவற்றுக்குத் தெரியாது. பவளி மனதில் வைத்திருந்த பேர்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு, முகவாயால் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டாள். அவை அந்தத் தொடுதலைத் தெரிந்துகொண்டன.

மினுக்கி மறுபடி வந்தாள். மரத்தின்மேல் உட்கார்ந்து, "அக்கா, பவளிக்கா" என்று கூப்பிட்டாள். இப்போது கூப்பிடுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. பவளி இடுக்கு வரை ஓடிவந்தாள். வெயில் முகத்தில் சுட்டது. பின்னால் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி சுட்டது. பட்டையைத் தலையால் முட்டினாள், ஆனால் அவள் முட்டுவதற்கு அரணையின் காதுக்கு எட்டுகிற வலு இல்லை.

"அவன் சீறுறதைக் கேட்டேன் அக்கா" என்று மேலே மினுக்கி தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். "உன் குரல் மாதிரியே இருந்துச்சு. உன்னை முழுங்கிட்டான், அதான் உன் மூச்சு அவன் வாயில வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. யார் கூப்பிட்டு நீ வெளியே வந்தே? யார் உன்னைக் கூப்பிட்டது?"

கூப்பிட்டது தான்தான் என்பது அவளுக்கு நினைவில்லை. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கீழே இருந்தவளுக்குச் சொல்ல விருப்பமும் இல்லை.

மழை பெய்த ஒரு நாள் பவளி பிள்ளைகளோடு வெளியே வந்தாள். மேலெல்லாம் தண்ணீர் ஓட, நனைந்த பாறைமேல் ஏறி, மினுக்கி நுழைகிற கல்லிடுக்கு வரை போனாள். அரணைகள் மழைக்கு ஆழமாகப் போய் அடங்கிவிடும். இடுக்கின் வாயில் அவள் நெடுநேரம் காத்திருந்தாள். மழை நின்று வெளிச்சம் வரத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். அவள் போன சற்று நேரத்தில் மினுக்கி வெளியே வந்து வெயிலில் நின்றாள்.

பிள்ளைகள் வளர்ந்து பிரிந்தன. ஒன்று அருவிக்குப் பின்னால் இருக்கும் கல்வெடிப்புக்குப் போனது. ஒன்று மக்கிய இலைகளுக்குள். ஒன்று மரம் ஏறி, கிளைப் பாசிக்குள். எங்கே போனாலும் ஈரம் இருக்கிற வழியாகவே போயின.

அந்தப் பகலிலிருந்துதான் ஈரப்பல்லிக்கு நெஞ்சில் மூச்சும் இல்லை, வாயில் குரலும் இல்லை. நனைந்த தோலால் மூச்சு வாங்கி, மழையில் மட்டும் வெளியே நடமாடி, மற்ற நேரமெல்லாம் விழுந்த மரத்துக்கும் ஈரக் கல்லுக்கும் அடியில் தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அந்த மலைப்பக்கத்தில் விறகுக்குப் போகிறவர்கள் ஒரு கட்டையைப் புரட்டி, அடியில் அந்தப் பவள நிறக் கோடு கண்ணில் பட்டுவிட்டால், ஒன்றும் பேசாமல், வெயில் உள்ளே படுவதற்கு முன்பே, கட்டையை இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வேறு கட்டை தேடிப் போவார்கள்.